பழ ஈயைக் கொண்டு நச்சுத்தன்மையை ஆராய்வது: பினாங்கிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

செபராங் பிறையில் நான் வளர்ந்த தோட்டத்தில் களைக்கொல்லிக்கு ஒரே பெயர்தான் இருந்தது: மருந்து. அம்மா விடியற்காலையில் ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு, "மருந்து அடிக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். முதுகில் சுமந்த பம்பு எப்போதும் கசியும். பிற்பகலில் திரும்பும்போது இடுப்புக்குக் கீழே ஈரமாக இருப்பார். அவருடைய நகங்கள் நிறம் மாறி உதிர்ந்தன. சில நாள் மூக்கிலிருந்து ரத்தம் வடிந்தது. அது எதனால் என்று கேட்க எங்களுக்குத் தெரியவில்லை.

அந்த மருந்தின் பெயர் பாராகுவாட். மலேசியா 2002-இல் அதற்குத் தடை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல் முழுமையாகத் தடை செய்தது. பெண்கள், தொழிலாளர் உரிமைக்காகப் போராடும் தெனாகனித்தா, பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளும், தங்கள் உடலைக் காட்டிப் பேசத் துணிந்த தோட்டப் பெண்களும் இல்லாமல் அது நடந்திருக்காது. ஆய்வுக்கூடத்து ஈக்கள் அந்தத் தடையைக் கொண்டுவரவில்லை. ஆனாலும் அடுத்த வேதிப்பொருள் உடலுக்குள் என்ன செய்யும் என்ற கேள்விக்கு, இன்னொரு தாயின் நகம் உதிரும்வரை காத்திருக்க நான் விரும்பவில்லை. இறுதியாண்டு மாணவர்களுக்கு ஈ வளர்க்கவும் எண்ணவும் நான் கற்றுக்கொடுப்பது அதற்காகத்தான். ஈயை இதுவரை கையாளாதவர் முதல் சோதனையை ஒழுங்காகச் செய்துமுடிக்க என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமோ, அதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஏன் இந்த ஈ

பழக்கூடைக்கு மேல் வட்டமிடும், சுமார் மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ள, சிவந்த கண் கொண்ட இந்தப் பூச்சியின் அறிவியல் பெயர் டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர். 1910-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன் வெள்ளைக் கண் கொண்ட ஓர் ஆண் ஈயைக் கண்டதிலிருந்து அது மரபியலின் செல்லப்பிள்ளை. அதை நஞ்சியலுக்கு அழைத்துவந்தவர் ஹெர்மன் முல்லர். எக்ஸ் கதிர் பட்ட ஈக்களின் வழித்தோன்றல்களில் மரபணு மாற்றங்கள் பெருகுவதை அவர் 1927-இல் எண்ணிக் காட்டினார். வெளியிலிருந்து வரும் ஒன்று உயிருக்குள் செய்யும் சேதத்தை எண்ணாக மாற்ற முடியும் என்பதே அதன் பொருள். 1946-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

25 டிகிரி செல்சியஸில் முட்டை ஏறக்குறைய பத்தே நாளில் பறக்கும் ஈயாகிவிடுகிறது. மனித நோய்களோடு தொடர்புடைய மரபணுக்களில் சுமார் முக்கால் பங்குக்கு ஈயிலும் இணை உண்டு. நம் கல்லீரலின் வேலையில் பெரும்பகுதியை ஈயின் கொழுப்புத் திசுவும், சிறுநீரகத்தின் வேலையை மால்பிஜியன் நுண்குழல்களும் செய்கின்றன. நஞ்சை உடைக்கும் சைட்டோகுரோம் பி450 நொதிகளும் இரண்டு உடல்களிலும் இருக்கின்றன. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகள் முடக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதி ஈயிலும் உண்டு, நம்மிலும் உண்டு.

அது சொல்லாததையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஈக்கு நுரையீரல் இல்லை. மூச்சுக்குழல்கள் காற்றை நேராகத் திசுக்களுக்குக் கொண்டுபோகின்றன. பாராகுவாட் மனிதர்களைக் கொல்வது பெரும்பாலும் நுரையீரலைத் தழும்பாக்கி. அந்தத் தழும்பை ஈ ஒருநாளும் காட்டாது. பாராகுவாட் செல்லுக்குள் ஆக்சிஜனை வெறிபிடித்த வடிவமாக மாற்றிவிடும் முறையை மட்டும் மிகத் தெளிவாகக் காட்டும்.

சரியான ஈயைப் பெறுவது

தமிழில் 'பழ ஈ' என்று நாம் இரண்டு வேறு பூச்சிகளைச் சொல்கிறோம். கொய்யாவையும் நட்சத்திரப் பழத்தையும் துளைத்து முட்டையிடுவது, அதற்குப் பயந்து விவசாயிகள் காய்களுக்குக் காகித உறை போடுவது, பாக்ட்ரோசெரா என்ற பெரிய ஈ. நமக்கு வேண்டியது அதுவல்ல. அழுகத் தொடங்கிய பழத்தில் வளரும் ஈஸ்டைத் தேடி வருகிற சின்னதுதான் வேண்டும்.

சௌராஸ்தா சந்தையில் வாழைப்பழத் தோலை ஒரு புட்டியில் போட்டு வைத்தால் மாலைக்குள் ஈக்கள் கிடைக்கும். பள்ளி மாணவர்களுக்கு வாழ்க்கைச் சுழற்சியைக் காட்ட அது போதும். நஞ்சியலுக்கு அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. அந்தப் புட்டியில் அனனாசே போன்ற வேறு டிரோசோஃபிலா இனங்களும் கலந்திருக்கும். அவை எந்தப் பூச்சிக்கொல்லியின் நடுவே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்தவை என்பதும் நமக்குத் தெரியாது. டிடிடி என்ற பூச்சிக்கொல்லிக்கு அசராத காட்டு ஈக்கள் பலவற்றில் ஒரே ஒரு பி450 மரபணு மிகையாக இயங்குவதைக் கண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஈயிடம் கேட்டால், கடும் நஞ்சும் சாதுவாகத் தோன்றும்.

ஆகவே ஒரேகான்-ஆர் அல்லது கான்டன்-எஸ் போன்ற, வரலாறு தெரிந்த ஆய்வுக்கூட ஈப் பரம்பரையையே எடுங்கள். இவை இந்தியானா பல்கலைக்கழகத்திலுள்ள புளூமிங்டன் ஈ சேமிப்பகத்தில் கிடைக்கும். ஆனால் உயிருள்ள பூச்சியை நாட்டுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும். ஏற்கெனவே ஈ வளர்க்கும் உள்ளூர் ஆய்வுக்கூடம் ஒன்றிடம் இரண்டு புட்டிகள் கேட்டு வாங்குவதே எளிய வழி. வந்த புட்டிகளை இரண்டு தலைமுறை தனியாக வைத்து, உண்ணிகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

வெப்பம்

பினாங்கின் சாதாரண அறை ஈக்களுக்கு ஏற்றதல்ல. 29, 30 டிகிரியைத் தாண்டினால் ஆண் ஈக்கள் மலடாகத் தொடங்கும். எனவே 25 டிகிரியில் நிலைத்து நிற்கும் வளர்ப்புப் பெட்டி கட்டாயம் தேவை. அதில் பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சமும் பன்னிரண்டு மணி நேரம் இருளும், 60 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கட்டும். ஒரு தைப்பூச விடுமுறையில் எங்கள் பெட்டி நின்றுபோய், நாங்கள் திரும்புவதற்குள் தானாகவே மீண்டும் ஓடத் தொடங்கியிருந்தது. திரையில் 25 என்று பார்த்து நிம்மதியாக வேலையைத் தொடர்ந்தோம். இரண்டு வாரம் கழித்து முட்டைகள் பொரியாமல் போனபோது, நாங்கள் கொடுத்த பொருளைத்தான் குற்றவாளி என்று எழுதவிருந்தோம். நஞ்சு கொடுக்காத புட்டிகளிலும் முட்டைகள் பொரியவில்லை என்பதை ஒரு மாணவி கவனித்ததால் தப்பினோம். அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையைப் பதிந்துவைக்கும் சிறிய வெப்பமானி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

உணவு சமைப்பது

ஒரு லிட்டர் தண்ணீருக்கு அகார் 8 கிராம், மக்காச்சோள மாவு 70 கிராம், சர்க்கரை 50 கிராம், உலர் ஈஸ்ட் 20 கிராம். இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் மாவுதான். மளிகைக் கடையில் சோள மாவு என்று கேட்டால் குழம்பைக் கெட்டியாக்கும் வெள்ளை மாவைத்தான் தருவார்கள். அது வெறும் ஸ்டார்ச். அதில் சமைத்தால் பசை கிடைக்கும், ஈ அதில் ஒட்டிச் சாகும். மஞ்சள் நிறத்தில், ரவை போல நெருநெருவென்று இருக்கும் மாவை ரொட்டி செய்பவர்களுக்கான கடையில் கேட்டு வாங்குங்கள்.

அகாரை முதலில் கொதிக்கவைத்துக் கரையுங்கள். மற்றவற்றைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து அதில் ஊற்றி, பத்து நிமிடமாவது கிளறிக்கொண்டே கொதிக்கவிடுங்கள். ஈஸ்ட் முழுதாகச் சாக வேண்டும், இல்லையென்றால் புட்டியில் நுரைத்துக்கொண்டு மேலே வரும். அடுப்பை அணைத்து 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு புரோபியோனிக் அமிலம் 4 மில்லிலிட்டரும், எத்தனாலில் 10 விழுக்காடாகக் கரைத்த மெத்தில் பாராபென் 10 மில்லிலிட்டரும் சேருங்கள். இரண்டும் பூஞ்சையைத் தடுப்பவை. நம் ஊர்க் காற்றில் இவை இல்லாமல் மூன்றாம் நாளே பச்சை படரும். அவையும் வேதிப்பொருள்கள்தான் என்பதால், எல்லாப் புட்டிகளுக்கும் ஒரே பானையிலிருந்து உணவு ஊற்றுங்கள்.

வயதும் பாலினமும்

முந்தைய நாள் வெளிவந்த ஈயும் முப்பது நாள் வயதான ஈயும் ஒரே நஞ்சை ஒரே மாதிரி தாங்குவதில்லை. புட்டியிலுள்ள வளர்ந்த ஈக்களை எல்லாம் காலையில் வெளியேற்றிவிட்டு, அடுத்த 24 மணி நேரத்தில் கூட்டிலிருந்து வருகிறவற்றை மட்டும் எடுத்தால் ஒரே வயதுள்ள கூட்டம் கிடைக்கும். அவற்றை மூன்று முதல் ஐந்து நாள் வளர்ந்தபின் பயன்படுத்துங்கள். முட்டையிடும் பெண்ணின் பசி நாளுக்கு நாள் மாறுவதால், முதல் சோதனைக்கு ஆண் ஈக்களே நல்லது. வயிற்றின் நுனி கறுத்து உருண்டிருந்தால் ஆண். சந்தேகமிருந்தால் முன்னங்காலைப் பாருங்கள், ஆணுக்கு அங்கே கறுப்புச் சீப்பு போன்ற மயிர்வரிசை இருக்கும். பிரிப்பதற்குக் கரியமில வாயுவால் மயக்கினால், குறைந்தது ஒரு நாள் தெளியவிட்ட பிறகே நஞ்சைக் கொடுங்கள்.

எவ்வளவு கொடுப்பது

முதல் முறை செய்பவர் பாராகுவாட்டைத் தொட வேண்டாம். அது இங்கே தடைசெய்யப்பட்ட பொருள். அதற்கு மாற்றுமருந்தும் கிடையாது. ஆற்றில் மீன் பிடிக்க நம் ஊரில் பயன்பட்ட துபா வேரின் நஞ்சான ரோட்டினோனும் தொடக்கக்காரருக்கு உரியதல்ல. நான் காப்பர் சல்பேட்டில் தொடங்கச் சொல்வேன். அது நீரில் கரையும், நிறம் தெரியும், கையுறையும் கண்ணாடியும் போட்டால் பாதுகாப்பாகக் கையாளலாம். ஐந்து நீர் மூலக்கூறுகள் கொண்ட நீலப் படிகத்தில் 0.25 கிராமை 100 மில்லிலிட்டரில் கரைத்தால் 10 மில்லிமோலார் கிடைக்கும் (மில்லிமோலார் என்பது ஒரு லிட்டரில் எவ்வளவு பொருள் கரைந்திருக்கிறது என்று சொல்லும் செறிவின் அலகு).

முதலில் ஒரு முன்னோட்டம் நடத்துங்கள்: 0.1, 0.3, 1, 3, 10 மில்லிமோலார், ஒவ்வொன்றுக்கும் இரண்டே குழாய்கள். யாரும் சாகாத செறிவும், எல்லோரும் சாகும் செறிவும் எங்கே இருக்கின்றன என்று அது காட்டும். ஐந்திலும் எதுவும் சாகவில்லையென்றால் இன்னும் மேலே போங்கள். அந்த இரண்டுக்கும் இடையில் ஐந்து அல்லது ஆறு செறிவுகளை வைத்து முதன்மைச் சோதனையைத் திட்டமிடுங்கள். நீரில் கரையாத பொருளை டைமெத்தில் சல்பாக்சைடிலோ எத்தனாலிலோ கரைக்க நேர்ந்தால், அந்தக் கரைப்பான் கடைசியில் ஒரு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதே அளவு கரைப்பானை, நஞ்சு சேர்க்காத ஒப்பீட்டுக் குழாய்களுக்கும் கொடுக்க வேண்டும்.

ஊட்டுவது

வளர்ந்த ஈக்கு எளிய வழி வடிதாள். குழாயின் அடியில் வட்டமாக வெட்டிய வடிதாளைப் போட்டு, 5 விழுக்காடு சர்க்கரைக் கரைசலில் கலந்த சோதனைப் பொருளை 300 மைக்ரோலிட்டர் விடுங்கள். ஈக்களை முன்னதாக இரண்டு மணி நேரம் நீர் மட்டும் கொடுத்துப் பட்டினி போடுங்கள், அப்போதுதான் ஒரே நேரத்தில் உண்ணத் தொடங்கும். குழாய்க்கு 20 ஈக்கள், செறிவுக்கு ஐந்து குழாய்கள். குழாயைப் படுக்கவையுங்கள். நிற்கவைத்தால் தளர்ந்து விழும் ஈ ஈரத்தாளில் ஒட்டிச் சாகும், அந்தச் சாவு நஞ்சின் கணக்கில் ஏறிவிடும். குளிர்சாதன அறையில் தாள் விரைவில் காயும். காய்ந்தால் கரைசலின் செறிவு ஏறும், ஈயும் தாகத்தால் மடியும். ஆகவே நாள்தோறும் தாளை மாற்றிப் புதிய கரைசல் விடுங்கள்.

புழுப் பருவத்தில் சோதிக்க விரும்பினால், வெதுவெதுப்பாக ஆறிய உணவில் பொருளைக் கலந்து, நான்கு மணி நேர இடைவெளிக்குள் இடப்பட்ட முட்டைகளைக் குழாய்க்கு 50 வீதம் எண்ணி வையுங்கள். எத்தனை கூட்டுப்புழுவாயின, எத்தனை ஈயாக வெளிவந்தன, எத்தனை நாள் தாமதமானது என்று பாருங்கள். என் அனுபவத்தில் வளர்ந்த ஈயின் சாவைவிட இந்தத் தாமதம்தான் குறைந்த செறிவிலேயே பேசத் தொடங்குகிறது. ஒன்றை மறக்காதீர்கள்: செம்பு போன்ற உலோகங்கள் ஈஸ்டின் புரதங்களோடு பிணைந்துகொள்ளும். உணவில் கலந்த 1 மில்லிமோலாரும் சர்க்கரை நீரில் கலந்த 1 மில்லிமோலாரும் புழுவுக்கும் ஈக்கும் ஒன்றல்ல.

ஈ அதை உண்டதா?

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள். குழாயில் நீங்கள் விட்டது செறிவு. ஈயின் உடலுக்குள் போனதுதான் அளவு. இரண்டுக்கும் நடுவே ஈயின் நாக்கு இருக்கிறது. கசப்பை ஈ நன்றாக உணரும். கசக்கும் உணவை ஒதுக்கிவிட்டு மூன்று நாள் பட்டினி கிடந்து சாகும். நீங்களோ பொருள் கொன்றது என்று எழுதுவீர்கள். எதிர்த்திசையிலும் தவறலாம். ஈ உண்ணவே இல்லை, அதனால் சாகவில்லை, பொருள் பாதுகாப்பானது என்று எழுதிவிடுவீர்கள். முதல் தவறு ஓர் ஆய்வைக் கெடுக்கும். இரண்டாவது தவறு தோட்டத்தில் பம்பு தூக்கும் ஒருவரின் உடலில் போய் முடியக்கூடும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். சோதனைக் கரைசலில் பிரில்லியன்ட் புளூ என்ற நீல உணவுச் சாயத்தைக் கலந்து, தனியாக ஒரு தொகுதி ஈக்களுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். உண்ட ஈயின் வயிறு நீலமாகத் தெரியும். அளந்தே சொல்ல வேண்டுமென்றால், ஈக்களை நீரில் அரைத்து, மையவிலக்கியில் சுழற்றி, தெளிந்த நீரை 630 நானோமீட்டரில் நிறமானியில் வையுங்கள். சாயமில்லாத ஈக்களை அரைத்த நீரின் அளவைக் கழித்துவிடுங்கள். செறிவு ஏற ஏற நீலம் குறைந்தால், உங்கள் ஈக்கள் அந்த உணவை வெறுக்கின்றன.

கூடவே, நீர் மட்டும் கொடுத்த ஐந்து குழாய்களையும் வைத்திருங்கள். ஆய்வுக்கூட ஈ பட்டினியில் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் சாகும். உங்கள் நச்சுக் குழாய்களின் சாவு வளைவு அந்தப் பட்டினி வளைவின் மேலேயே படிந்தால், முடிவை நம்பாதீர்கள்.

எண்ணுவதும் கணக்கிடுவதும்

24, 48, 72 மணி நேரத்தில் எண்ணுங்கள். குழாயைத் தட்டும்போது கால்கூட அசையாததே செத்தது. மல்லாந்து கிடந்து துடிப்பதைத் தனிப் பத்தியில் குறியுங்கள், அது மறுநாள் எழுந்து நடக்கலாம். எந்தக் குழாயில் எந்தச் செறிவு என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. நண்பர் ஒருவரைக் கொண்டு குழாய்களுக்குக் குறியெண் இடச் செய்யுங்கள்.

நஞ்சில்லாக் குழாய்களிலும் சில ஈக்கள் சாகும். அதைக் கழிக்க 1925-இல் ஆபட் தந்த சூத்திரம் இன்றும் போதும். சோதனைச் சாவு விழுக்காட்டிலிருந்து ஒப்பீட்டுச் சாவைக் கழித்து, நூறிலிருந்து ஒப்பீட்டுச் சாவைக் கழித்ததால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். ஒப்பீட்டில் 5 விழுக்காடும் சோதனையில் 43 விழுக்காடும் செத்திருந்தால், 38-ஐ 95-ஆல் வகுக்க 40 விழுக்காடு. ஒப்பீட்டில் சாவு 20 விழுக்காட்டைத் தாண்டினால் எந்தச் சூத்திரமும் உதவாது, சோதனையைத் தூக்கிப் போடுங்கள்.

ஒருமுறை ஒரு மாணவன் காலையில் ஓடிவந்து, "டாக்டர், ஒன்றும் கொடுக்காத ஈக்களும் செத்துக் கிடக்கின்றன" என்றான். முகம் வெளுத்திருந்தது. முந்தைய மாலை டிங்கி கொசுவுக்காகக் கட்டடத்தைச் சுற்றிப் புகையடித்திருந்தார்கள், அறையின் சன்னல் ஒன்று திறந்திருந்தது. நான்கு மாத வேலையில் ஒரு மாதம் வீண். ஆனால் ஒப்பீட்டுக் குழாய் மட்டும் இல்லாதிருந்தால், அந்தச் சாவுகளை எல்லாம் அவன் தன் பொருளின் தலையில் எழுதியிருப்பான். வளாகத்தில் எப்போது புகையடிப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாதி ஈக்களைக் கொல்லும் செறிவை புரோபிட் பகுப்பாய்வில் கண்டுபிடிக்கலாம். சாவின் வேகத்தை ஒப்பிட கப்லான்-மையர் வளைவு இருக்கிறது. இரண்டையும் இலவச மென்பொருளான ஆர் செய்துதரும். மென்பொருள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: உங்கள் கணக்கில் அலகு குழாய், ஈ அல்ல. ஒரே குழாயிலுள்ள 20 ஈக்கள் ஒரே காற்றையும் ஒரே தாளையும் பகிர்ந்தவை. ஐந்து குழாய்களில் நூறு ஈக்கள் இருந்தால் உங்களிடம் இருப்பது நூறு சான்றுகள் அல்ல, ஐந்து. முழுச் சோதனையையும் வெவ்வேறு வாரங்களில், வெவ்வேறு தலைமுறை ஈக்களில், மூன்று முறையாவது செய்யுங்கள்.

சாவுக்கு முன்னால்

பெரும்பாலான வேதிப்பொருள்கள் மனிதர்களைக் கொல்வதில்லை, தளர்த்துகின்றன. ஈயின் தளர்ச்சியை அளக்க ஏறும் சோதனை இருக்கிறது. உயரமான குழாயில் 8 சென்டிமீட்டரில் கோடு போட்டு, ஈக்களைத் தட்டி அடியில் தள்ளி, பத்து விநாடியில் எத்தனை கோட்டைத் தாண்டின என்று பாருங்கள். கைப்பேசியில் படம் பிடித்து நிறுத்தி எண்ணுவது நல்லது. ஒரு நிமிட இடைவெளியில் ஐந்து முறை, எப்போதும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். காலை ஒன்பது மணி ஈயும் பிற்பகல் மூன்று மணி ஈயும் ஒரே சுறுசுறுப்பில் இருப்பதில்லை.

அடுத்த ஆண்டு வசதி வந்தால் உடலுக்குள் போகலாம். கொழுப்புச் சிதைவு, கேட்டலேஸ் நொதியின் வேகம், புழுவின் குடலில் செத்த செல்களைக் காட்டும் டிரிபான் நீலச் சாயம் ஆகியவை அந்த வழியில் முதலில் வருபவை. எந்த மரபணுவை அணைத்தால் ஈ இன்னும் எளிதில் சாகிறது என்று கேட்பதுதான் இந்த ஈயின் உண்மையான வலிமை. ஆனால் ஊட்டலும் எண்ணலும் கைக்கு வராதவரை அதில் இறங்க வேண்டாம்.

முடிவை எழுதும்போது

'3 மில்லிமோலார் ஈயைக் கொன்றது, ஆகவே மனிதருக்கு ஆபத்து' என்று எழுதாதீர்கள். உணவிலுள்ள செறிவை உடல் எடைக்கான அளவாக நேரே மாற்ற முடியாது. 'இந்தப் பரம்பரையின் ஆண் ஈக்களில், இந்த வெப்பநிலையில், வாய்வழி கொடுத்தபோது, உண்ணும் அளவு மாறாத நிலையில், ஏறும் திறன் இவ்வளவு குறைந்தது' என்று எழுதுங்கள். வாக்கியம் நீளமாக இருக்கும், இருக்கட்டும். நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒருவர் நாளை அதைப் பிரித்துப் படிக்கும்போது, ஒவ்வொரு சொல்லும் தாங்கி நிற்க வேண்டும்.

வேலை முடிந்ததும்

மூடிய குழாய்களை மைனஸ் 20 டிகிரியில் ஒரு இரவு வையுங்கள், எஞ்சிய ஈக்கள் அதிகத் துன்பமின்றி மடியும். செம்புக் கரைசலையும் வடிதாள்களையும் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள், மீன்களுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் செம்பு மிகக் கொடியது. பெயரும் செறிவும் எழுதிய புட்டியில் சேர்த்து, வேதிக்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படையுங்கள். ஒப்பீட்டுக் குழாய்களின் எண்ணிக்கைத் தாளை நச்சுக் குழாய்களின் தாளோடு சேர்த்துப் பிணைத்து, தேதியிட்டு, பத்திரமாக வைத்துவிட்டு, அடுத்த தலைமுறைக்கான உணவை அடுப்பில் ஏற்றுங்கள்.